பெற்றோர் கைபேசி எண்

"ஹலோ... ஹலோ... ஆங், கேக்குது. சொல்லுங்க மேடம்... ஆமா, ஆமா, பிரதீபாதான். என் நம்பர்ல வேற யாரு பேசப் போறாங்க?... பாத்தேன் மேடம், மூணு தடவ அடிச்சிருந்தீங்க. பஸ் ஏறிகினு இருந்தேன். ஒரு கையில குடை, ஒரு கையில ஃபைலு. போன் எடுக்க மூணாவது கை கீதா எனக்கு?... ம்... சொல்லுங்க, சொல்லுங்க. மாநிலம் கூப்ட்டா மாவட்டம் கேட்டுத்தானே ஆவணும்."

மாமல்லபுரம் பேருந்து நிலையத்திலிருந்து செங்கல்பட்டு பஸ் அப்போதுதான் மூக்கை வெளியே நீட்டியிருந்தது. மணி நாலு கடந்து ஐந்து நிமிடம். ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷம்கூட பிரதீபாவின் முகத்தில் இல்லை. வீடில்லாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அந்தப் படிப்பு பாதியில் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள அரசாங்கம் வைத்திருக்கும் திட்டத்தில், ஒன்பது வருடமாகச் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அவள்தான் பொறுப்பு. பாலத்தடி, செங்கல் சூளை, கடற்கரைக் கடைகளின் வாசல் என்று அவள் கால் படாத இடம் கிடையாது. போனில் இருந்தவள் ஹரிப்ரியா. ஐந்து வருடத்துக்கு முன்னால் பயிற்சிக்கு வந்து, ஆறு மாதம் இவள் பின்னாலேயே நோட்டும் கையுமாக நடந்தவள். கடந்த ஜூன் மாதத்திலிருந்து சென்னையில் உட்கார்ந்து முப்பத்தெட்டு மாவட்டத்தையும் ஆள்கிறாள். அந்த நாற்காலிக்குப் பிரதீபாவும் விண்ணப்பம் போட்டிருந்தாள்.

"மேடம்னு கூப்டாதன்னா எப்டி மேடம்?... அக்கான்னு நீங்க கூப்ட்டது ட்ரெயினிங்ல. அப்ப நான் முன்னால நடந்தேன், நீங்க பின்னால வந்தீங்க. இப்ப நீங்க மேல கீறீங்க, நான் கீழ கீறேன்... கோவமா? எனக்கு இன்னா கோவம்? உங்க இண்டர்வியூவுக்கு வாழ்த்து சொல்லி மெசேஜ் போட்டனே, பூங்கொத்து படத்தோட... ஒரு நிமிஷம். அண்ணாத்த, செங்கல்பட்டு ஒண்ணு, லேடீஸு... ஆங், சொல்லுங்க. விஷயத்துக்கு வாங்க."

விஷயம் வந்தது. பிரதீபா குடையை மடியில் கிடத்திக்கொண்டாள்.

"யாரு?... எந்த நதியா?... தெரியும், தெரியும், சும்மா கேட்டேன். பலூன் விக்கறவரு பொண்ணு. நம்ம பத்தாவது... ம்... ம்ம்... ஐயையோ, அவ அப்பாவுக்கா? எந்தக் காலு?... ஆட்டோக்காரன் நிக்காம பூட்டானா? பாவி... அப்ப திருவண்ணாமலையிலயேதான் கீறாங்களா? தீபத்துக்குப் போயிருக்காங்க, முடிச்சிகினு வந்துடுவாங்கன்னு கடற்கரையில சொன்னாங்களே... இல்ல, நான் போய் விசாரிச்சேன். விசாரிக்காம இருப்பனா?... அங்க ஸ்கூல்ல உக்காந்து படிக்கறாளா? எத்தன நாளா?... அஞ்சு வாரமா?"

ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் காலை பத்தரை மணிக்குத் தவறாமல் பிரதீபாவின் போனுக்கு ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. உங்கள் மகள் நதியா இன்று பள்ளிக்கு வரவில்லை.

"உனக்கு யாரு சொன்னது?... யாரு?... அவளா? நதியாவே உனக்குப் போன் பண்ணாளா?"

'நீங்கள்' எங்கேயோ விழுந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

"எப்ப?... நேத்தா... எவ்ளோ நேரம் பேசினா?... சும்மாதான் கேக்கறேன். கேக்கக் கூடாதா? அந்தப் பொண்ணு வாயத் தொறந்து நாலு வார்த்த பேசினாலே அதிசயம். என்கிட்ட ஆமா மிஸ்ஸு, சரி மிஸ்ஸு, அவ்ளோதான்... உன்ன இன்னான்னு கூப்புடறா?... ம்... ஹரி அக்கா... ம். நல்லா கீது. கேக்கவே நல்லா கீது."

பத்து வயதில் அந்தப் பெண்ணைச் சங்குக் கடை வாசலில் முதலில் பார்த்தவள் பிரதீபா. தலைக்கு எண்ணெய் வைத்து, கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்து, ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தவளும் அவள்தான். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த ஹரிப்ரியா அப்போது பக்கத்தில் நின்று அந்தப் பிள்ளைக்கு ஒரு ஹேர்பின் வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. ஹேர்பின் வாங்கிக் கொடுத்தவள் அக்கா. எண்ணெய் வைத்தவள் மிஸ்.

"கேக்குது, கேக்குது, சொல்லு... இன்னிக்கேவா?... அஞ்சு மணிக்கா மூடறாங்க? இப்ப நாலு பத்து ஆவுதே... பத்தாவது பரீட்ச லிஸ்ட்டுல பேர் ஏறணும், அதுக்கு மொதல்ல பேரு இங்கருந்து அங்க மாறணும். சரி. நம்ம ஹெச்.எம். அனுப்பி வுட்டுட்டாரா?... அவரு பண்ணிட்டாரா. அந்த ஊரு ஹெச்.எம். யாரு?... எல்லப்பன் சாரா. கம்ப்யூட்டர் முன்னாலயே உக்காந்துகினு கீறாரா. பாவம்... அப்புறம் இன்னா பாக்கி?... ஓ... ஓடிபியா."

இப்போது அவளுக்கு விளங்கியது, மாநிலம் எதற்காக மூன்று தடவை மாவட்டத்தைக் கூப்பிட்டது என்று.

இந்த வேலையில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டாத காரியம் ஒன்றைப் பிரதீபா ஒன்பது வருடமாகச் செய்து வந்தாள். பிள்ளையின் பெயரைக் கணினியில் ஏற்றும்போது 'பெற்றோர் கைபேசி எண்' என்று ஒரு கட்டம் வரும். அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. பலூன் விற்கிறவருக்கு ஏது போன்? இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு நம்பர். அதனால் பிரதீபா தன் நம்பரையே போட்டாள். ஒரு பிள்ளைக்குப் போட்டது, இரண்டானது, பத்தானது, இன்றைக்கு முப்பத்தேழு. அரசாங்கத்தின் கணக்கில் முப்பத்தேழு பிள்ளைகளைப் பெற்றவள் அவள். ஒரு பிள்ளை பள்ளி மாறினால், பெற்றவருக்குச் சம்மதம்தானா என்று கேட்டு ஆறு இலக்கம் அந்த நம்பருக்குத்தான் வரும்.

"அனுப்பிட்டாரா?... இரு, பாக்கறேன்."

காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வந்திருந்தது. கட்டெறும்பு வரிசை மாதிரி ஆறு இலக்கம், கீழே 'பத்து நிமிடத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி. போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"வரலயே ஹரி."

சொன்ன பிறகுதான் தான் அப்படிச் சொல்லிவிட்டது அவளுக்கே தெரிந்தது.

"இல்லயே... பாத்துட்டுத்தான் சொல்றேன், வரல. பூஞ்சேரி கிட்ட வந்துக்கீது பஸ்ஸு, இந்தப் பக்கம் சிக்னல் பேஜாரு... வரும், வரும், வந்தா சொல்லமாட்டனா?... அதுக்குள்ள இன்னா அவசரம்? நீ பேசு. நம்ம பேசி எத்தன மாசம் ஆவுது... புக்கு பாத்தேன். உன் புக்குதான், எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பினியே, வழிகாட்டிப் புக்கு. வழவழன்னு கீது பேப்பரு. படம்லாம் போட்டு, சூப்பர்."

பஸ் கூட்டுரோட்டில் நின்றது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு ஏறினார்கள். ஒரு பையின் மூலை பிரதீபாவின் கன்னத்தில் இடித்தது.

"ஏ, பாத்துடா... உன்ன இல்ல ஹரி. புக்குல மொதப் பக்கத்துல இன்னா போட்டுக்கீற? 'உன் வீடு எங்கே என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். நேற்று எங்கே தூங்கினாய் என்று கேளுங்கள்.' அது யாரு சொன்னது?... ம்? சத்தமா சொல்லு, கேக்கல... ஞாபகம் கீதா? பரவால்லயே. எங்க நின்னு சொன்னேன், அது ஞாபகம் கீதா?... செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் வாசல்ல நின்னு சொன்னேன். காலையில அஞ்சரை மணி. நீ துப்பட்டாவால மூக்கப் பொத்திகினு எழுதிகினு இருந்த. ரெண்டாவது பக்கத்துல இன்னா போட்டுக்கீற? படுக்கையச் சுருட்டறதுக்கு முன்னால போவணும், போர்வைக்கு வெளிய தெரியற சின்னக் காலுங்கள எண்ணி ரெண்டால வகுக்கணும். அது யாருது? அதுவும் டவுன்ஷிப்புல சொல்லிக் குடுத்தாங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ சொல்ல ஆரம்பித்து நின்றது. பிரதீபா விடவில்லை. ஆறு மாதமாக மென்று விழுங்கியது எல்லாம் இப்போதுதான் வாய்க்கு வந்திருந்தது.

"இரு, நான் முடிக்கல. கடைசிப் பக்கத்துல மாவட்டம் மாவட்டமா லிஸ்ட்டு. செங்கல்பட்டுன்னு போட்டு என் நம்பரு. பேரு? பேரக் காணோம். ஒம்போது வருஷம் ஒழச்சவளுக்குப் பேரு இல்ல, நம்பர் மட்டும். எலக்ட்ரிக் ஆபீஸ் கம்ப்ளைண்ட் நம்பர் மாதிரி... எல்லா மாவட்டத்துக்கும் அப்டித்தானா? நீ எழுதித்தான் குடுத்தியா? ஆபீஸ்ல எடுத்துட்டாங்களா?... ஆள் மாறினா மறுபடி அச்சடிக்கணும்னா? ஓகோ. அப்ப ஆள மாத்தறாப்புல கீதா?... பேசறனா நான்? பேசல. உன் பேரு மட்டும் அட்டையில பெருசா கீதேன்னு பாத்தேன், அவ்ளோதான்."

ஹரிப்ரியாவின் பெயரை அந்த அட்டையில் அவள் எத்தனை முறை பார்த்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தாள். பீரோவுக்குள் துணிக்கு அடியில் தள்ளிவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தாள். அந்தப் பெயர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு, மிச்சப் புத்தகத்தை நல்ல புத்தகம் என்று ஒத்துக்கொண்டாள்.

"ம்... ம்... இப்பவும் வரல... ரெண்டாவது தடவ அனுப்பறாரா? அனுப்பச் சொல்லு, எனக்கு இன்னா?"

இரண்டாவதும் வந்தது. நாலு இருபத்தைந்து. இந்தத் தடவை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. உள்ளங்கையில் போனின் ஒரு நடுக்கம், அவ்வளவுதான்.

"ஊஹும். வரல."

முதல் பொய் அவளுக்கே தெரியாமல் வந்தது. இரண்டாவது வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் இல்லாமல் இது நடக்காது அக்கா என்று ஒரு வார்த்தை. சென்னை நாற்காலி ஒரு தடவை செங்கல்பட்டு பஸ்ஸின் ஜன்னலோரம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். அஞ்சு மணிக்குத்தான் இன்னும் நேரம் இருக்கிறதே.

"எத்தன தடவதான் அனுப்ப முடியும்?... மூணா? அதுக்கு மேல?... பூட்டிடுமா. நாளைக்குத்தான் தொறக்குமா... சரி, நாளைக்கு லிஸ்ட்டுல சேக்க முடியாதா? நீதான் மாநிலமாச்சே, ஒரு போன் போட்டா தொறக்கமாட்டாங்களா?... முடியாதா. உன்னாலயும் முடியாதது ஒண்ணு கீதுன்னு தெரிஞ்சிகினேன்... சரி, சிரிக்கல. அடுத்த வருஷம் எழுதட்டும். ஒரு வருஷத்துல இன்னா ஆயிடப் போவுது?... இன்னாது?... யாரு வந்தது?"

பிரதீபா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வேலைக்கு ஆள் புடிக்கற ஏஜெண்டா? எந்த மில்லு?... எங்க கீதாம்?... அவளுக்குப் பதினஞ்சு வயசுதானே ஆவுது, எப்டி எடுப்பான்?... வயச ஏத்திச் சொல்லிக்குவானா... அப்பன் இன்னா சொல்றான்? காலு ஒடஞ்சா புத்தியும் ஒடஞ்சிடுமா?... ம்... ம்... பரீட்ச லிஸ்ட்டுல பேரு இருந்தா படிக்கட்டும், இல்லன்னா திங்கக்கிழம ஏஜெண்டோட வேன் ஏறட்டும்... அப்டியா சொல்லிக்கீறாரு?... திங்கக்கிழமன்னா, இன்னிக்கு வெள்ளி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மீன் கூடையைக் காலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்பி இவளைப் பார்த்தாள். பிரதீபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரலை மடக்கினாள். ஆனால் பொறாமை அவ்வளவு சீக்கிரம் எழுந்து இடம் கொடுக்கிற விருந்தாளி இல்லை. அது இன்னும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"இவ்ளோ நடந்துக்கீது. இத அவ எனக்குச் சொல்லல. உனக்குச் சொல்லிக்கீறா... இல்ல ஹரி, நான் கேக்கறது நியாயமா இல்லயா? அஞ்சு வருஷம். அம்ம வாத்தப்ப ஆஸ்பத்திரியில உக்காந்தது யாரு? எட்டாவதுல கணக்கு வரலன்னு அழுதப்ப வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தது யாரு? நீ மெட்ராஸ்ல எங்கயோ கீற, உன் நம்பரு அவளுக்கு எப்டித் தெரிஞ்சிது?... புக்குலயா? ஸ்கூல் நோட்டீஸ் போர்டுலயா... அந்த நோட்டீஸ் போர்டுல என் நம்பரும்தானே கீது? அவளுக்கு என் நம்பரு மனப்பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. என்ன ஒரு தடவ கூப்புடத் தோணலயா? அவளையே கேக்கச் சொல்லு. மிஸ்ஸு, என் பேர அனுப்புங்கன்னு அவ வாயால ஒரு வார்த்த கேக்கட்டும். அடுத்த நிமிஷம்..."

பேச்சை நிறுத்தினாள். எதிர்ப்பக்கம் குறுக்கே புகுந்து என்னவோ சொன்னது. மிகவும் மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டும். பிரதீபா மற்ற காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இன்னாது?... யாருக்கு?... எனக்கா?... இல்ல. எனக்கு வரல. வந்தா எடுக்கமாட்டனா... எத்தன?... பதினொண்ணா?... எந்த நம்பர்லருந்து?... டீக்கடைக்காரர் போனா. கடைசி நாலு நம்பரு சொல்லு... ரெண்டு... ஆறு... ஆறு... ஒம்போது. இரு."

போனைக் காதிலிருந்து எடுத்து, வந்த அழைப்புகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். சிறுசேரி பக்கம் மனை விற்கிறவன். கடன் வேண்டுமா என்று கேட்கிறவன். மறுபடி மனை. அவற்றுக்கு நடுவே, சிவப்பு அம்புக்குறியோடு, இரண்டு ஆறு ஆறு ஒன்பது. திங்கட்கிழமை மத்தியானம் மூன்று. செவ்வாய் நான்கு. புதன் காலை இரண்டு. புதன் சாயங்காலம் ஒன்று. நேற்று ஒன்று. கூட்டினாள். மறுபடி கூட்டினாள். பதினொன்றுதான் வந்தது.

வராமல் இல்லை. அவள் எடுக்காமல் இருந்தாள். அந்தப் புத்தகம் வந்த நாளிலிருந்து தெரியாத நம்பர் எதையும் எடுப்பதில்லை என்று ஒரு வைராக்கியம். பேர் இல்லாமல் நம்பரை மட்டும் ஊர் முழுக்க ஒட்டினீர்கள் அல்லவா, அடித்துக்கொண்டே கிடக்கட்டும் என்று போனை மேசைமேல் கவிழ்த்துப் போட்டாள். இத்தனைக்கும், வீடில்லாத பிள்ளைக்குச் சொந்த நம்பர் இருக்காது, யாரிடமாவது கெஞ்சி வாங்கித்தான் பேசும், அதனால் தெரியாத நம்பர் என்றால் அது நம் பிள்ளை என்று நினைத்து முதல் மணியிலேயே எடு என்று ஹரிப்ரியாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே இவள்தான். படித்தவள் அதை மறக்கவில்லை. நேற்று எடுத்தாள்.

"ஹரி... கீறேன், லைன்ல கீறேன்... ஹரி, நான் எடுக்கலன்னு சொன்னாளா?... வேற இன்னா சொன்னா?... மறைக்காத. சொல்லு... மிஸ்ஸுக்கு என் மேல கோவமான்னு கேட்டாளா?"

பஸ் ஒரு வளைவில் சாய்ந்து நிமிர்ந்தது. பிரதீபா முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்பச் சொல்லு. மூணாவது. இப்பவே அனுப்பச் சொல்லு எல்லப்பன் சாரை... மணி இன்னா?... நாலு நாப்பதா. அனுப்பச் சொல்லுடி, பேசிகினு கீற."

காத்திருந்தாள். கண் போனைவிட்டு நகரவில்லை. வரவில்லை. ஒரு நிமிடம். வயல்வெளியில் பஸ் ஓடியது. இரண்டு நிமிடம். திரையின் மூலையில் நாலு கோடு இருந்த இடத்தில் ஒரு கோடு நின்றுகொண்டிருந்தது. அதுவும் வந்து வந்து போனது.

"ஹலோ... ஹலோ ஹரி... கேக்குதா?... வுட்டு வுட்டுக் கேக்குது. அனுப்பிட்டாரா?... எப்ப?... வரல ஹரி... சத்தியமா வரல... ஏன் ஒண்ணும் சொல்லமாட்டன்ற?... நான் நடிக்கல. இந்தத் தடவ நடிக்கல... ஆமா. ஆமா, மொத ரெண்டும் வந்துது. வந்துது, நான்தான் வரலன்னு சொன்னேன். பொய்தான். திட்டு, அப்புறமா திட்டு, எவ்ளோ வேணா திட்டு. ஆனா இது நெஜமாவே வரல. ஒரு கோடுதான் கீது... அழாத. நீ ஏன் அழற? அழ வேண்டியவ நான்."

எழுந்தாள். மீன் கூடை தடுக்கியது.

"கொஞ்சம் வழி வுடும்மா... அண்ணாத்த! அண்ணாத்த, நிறுத்துங்க... ஸ்டாப்பிங் இல்லன்னு தெரியுது, நிறுத்துங்க. ஒரு புள்ளைக்குப் பரீட்ச போவுது, விசிலக் குடுங்க... திட்டிக்கோங்க, பரவால்ல... லைன்ல இரு ஹரி, வெச்சிடாத. எறங்கிகினு கீறேன்... குடையா? அது கெடக்கட்டும் வுடுங்க!"

பஸ் அவளை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் புகையைக் கக்கிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். வந்த வழியில், ஒரு கல்லெறி தூரத்துக்கு அப்பால் செல்போன் கோபுரம் தெரிந்தது. ஐம்பது வயதை நெருங்கும் உடம்போடு, சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பிரதீபா அதை நோக்கி ஓடினாள். ஓட்டம் என்றும் சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது.

"ஓடிகினு... கீறேன்... மணி இன்னா?... நாப்பத்தெட்டா... எப்ப அனுப்பினாரு, பத்து நிமிஷம் எப்ப முடியுது?... அம்பத்தொண்ணுக்கா... ரெண்டு கோடு வந்துக்கீது... ரெண்டு... ஹரி, லைன்ல கீறியா?... போன வெச்சா வருமா? இல்ல, வெக்காத, திரும்ப கெடைக்கலன்னா... மூணு கோடு..."

போன் அவள் கைக்குள் நடுங்கியது.

"வந்துட்சி! வந்துட்சிடி! எழுதிக்கோ. ஏழு... ஏழு. பூஜ்யம். மூணு... மூணு, தமிழ்ல மூணு, த்ரீ... ஒம்போது. ஒண்ணு. நாலு... திருப்பிச் சொல்லு... ஆங்... ஆங்... கடைசியில நாலு. எல்லப்பன் சாருக்குச் சொல்லு. மெதுவா அடிக்கச் சொல்லு, தப்பா வுழுந்துடப் போவுது... அடிச்சிட்டாரா?... சுத்திகினு கீதா? இன்னா சுத்துது?... சுத்தட்டும். மூச்சு வுடாத."

சாலையோரத்து மைல் கல்லின்மேல் உட்கார்ந்தாள். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். போனுக்கு ஒரு செய்தி வந்தது. உங்கள் மகள் நதியா, தங்கள் சம்மதத்தின் பேரில் மாற்றப்பட்டார்.

"எனக்கு வந்துட்சி மெசேஜு... அங்கயும் ஏறிட்சா? பரீட்ச லிஸ்ட்டுல?... பேரு, பொறந்த தேதி, எல்லாம் சரியா கீதா?... அப்பாடா... ம்... ம்... இல்ல, அழல. ஓடினதுல மூச்சு வாங்குது."

அப்புறம் ஹரிப்ரியா ஏதோ கேட்டாள்.

"அந்தக் கட்டமா... அங்கயும் காலியா வுட்டா தொறக்காதா... அவங்க அம்மாவுக்கு ஏது போனு?... டீக்கடை நம்பர போட முடியாது, அந்த ஆளு நாளைக்கு எங்க கீறாரோ... நீ எதுக்கு என்னக் கேக்கற? உன்னுதப் போட்டுக்க வேண்டியதுதானே... ஏன், என் நம்பரே இருக்கட்டுமான்றியா? நெஜமாத்தான் கேக்கறியா, இல்ல மனசு நோவக் கூடாதுன்னு கேக்கறியா?"

இருக்கட்டும் என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொல்லாவிட்டால், காலை பத்தரை மணிக்கு வரும் செய்தியில் இனி முப்பத்தாறு பிள்ளைகள்தான். நதியா வராதது, வந்தது, ஊசி போட்டுக்கொண்டது, மதிப்பெண் வாங்கியது, எல்லாம் இனி சென்னைக்குப் போய் இன்னொருத்தியின் கைக்குள் நடுங்கும். நினைக்கும்போதே நெஞ்சுக்குள் சுருக்கென்று இருந்தது. அந்தச் சுருக்கு போகாது. அதோடுதான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"உன் நம்பர போடு... கேட்டியே, இன்னா மறுபடி கேக்கற? உன்னுதே போடு. நீ எடுத்த. நான் எடுக்கல... பெரிய மனசெல்லாம் ஒண்ணும் இல்ல, எனக்கு வயிறு எரிஞ்சிகினுதான் கீது. நல்லாவே எரியுது. ஆனா நம்பர் உன்னுது போடு... போட்டுட்டாரா?... சரி."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த பஸ் எப்போது வரும் என்று சாலையை எட்டிப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை.

"ஹரி, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. லிஸ்ட்டுல பேரு ஏறிட்சின்னு அவகிட்ட நான்தான் சொல்லுவேன். நீ சொல்லக் கூடாது... டீக்கடை நம்பருதான் எனக்கு மனப்பாடம் ஆயிட்சே. அங்க நின்னுகினு கீறாளா இப்ப?... போனுக்குப் பக்கத்துலயேவா?... அவங்க அப்பன்கிட்டயும் நானே பேசறேன், அந்த மில்லுக்காரன் சங்கதி எங்கிட்ட வுடு. கோவமா இல்லன்னும் சொல்லணும். அது நீ சொன்னா ஆவாது, நான் சொல்லணும்... ஆமா... ஆமா ஆமா, புக்கு சண்ட இன்னும் முடியல, அது தனி. அதுக்கு நாளைக்கு நேர்ல வரேன் மெட்ராஸுக்கு... சரி, வைடி... ஐயோ, இல்ல இல்ல, நீ வெக்காத! நான் வெக்கறேன். நீ மொதல்ல வெச்சா நீதான் மொதல்ல அவளுக்கு அடிப்ப, உன்ன எனக்குத் தெரியாதா?"

அந்தப் பக்கத்துச் சிரிப்பு முழுசாகக் காதில் விழுவதற்குள் பிரதீபா இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.